தவணையும் அவகாசமும்



கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், சாய்ந்தமருதையும் காரைதீவையும் கடந்தால் வருவது நிந்தவூர். கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். இவ்விரண்டிற்கும் இடையே நெருங்கி அமைந்த தெருக்களில் வாழும் மக்களிற் பெரும்பாலோரின் சீவியம் இவ்விரண்டையுமே நம்பியது. வயல் ஆண்டுக்கு இருமுறை பணம் தரும்: பெரும்போக வெட்டு முடிந்ததும் ஒருமுறை, சிறுபோக வெட்டு முடிந்ததும் ஒருமுறை. கடலோ தந்த நாளில் அள்ளித் தரும். வாடைக்காற்றுக் காலத்தில் அலை எழும்பிவிட்டால் கரைவலை இழுப்பவர்களுக்கு வாரக் கணக்கில் வேலையே இராது. ஆகவே, எங்கள் கரையோரத்துக் குடும்பங்களின் கையிற் பணம் ஒரே அளவாக ஓடுவதில்லை. பெருகும், வற்றும், மீண்டும் பெருகும். குளத்தையும் வாய்க்காலையும் போலத்தான்.

இப்படிப்பட்ட ஊர்களில், கிழமைதோறும் குறித்த நாளில், குறித்த மணிக்கு நடந்துவந்த ஒரு காட்சியைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

காலை பத்து மணி. ஒரு வீட்டின் விறாந்தையிற் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடியிருப்பர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு கொப்பி. அதனுள் மடித்து வைத்த காசு. மோட்டார் சைக்கிளில் ஓர் இளைஞன் வந்து இறங்குவான். கழுத்துப்பட்டி கட்டியிருப்பான், தோளில் ஒரு பை. காசை எண்ணுவான், கொப்பியிற் குறிப்பான், அடுத்த தெருவுக்குப் போய்விடுவான். பார்ப்பதற்கு இதிற் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒருத்தி காசின்றி வந்துவிட்டால், அவன் எழுந்து போகமாட்டான். அவன் போகாதவரையில் மற்றப் பெண்களும் போக முடியாது. ஏனெனில் ஒருத்தியின் கடனுக்கு மற்றவர்கள் பிணை. அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவளும், பாலர் பாடசாலையிலிருந்து பிள்ளையைக் கூட்டிவரப் புறப்பட்டவளும் அங்கேயே இருந்தாக வேண்டும். வெயில் ஏற ஏற, அந்த இளைஞனுக்குச் சொல்ல வேண்டிய கடுஞ்சொற்களைப் பெண்கள் தங்களுள் ஒருத்தியைப் பார்த்தே சொல்லத் தொடங்குவார்கள்.

நுண்கடன் என்று இதற்குப் பெயர். மக்கள் குழுக்கடன் என்றும், கிழமைக் கடன் என்றும் சொல்வார்கள்.

எங்கள் தெருவில் ஒரு மாமி இருக்கிறார். இடியப்பம் அவித்துத் தேநீர்க் கடைகளுக்குக் கொடுப்பவர். கணவர் இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்குச் செய்பவர். கிழக்கிலங்கையிற் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் செய்வது வழக்கம் என்பது நேயர்கள் அறிந்ததே. மகளின் வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது, கூரைக்குப் பணமில்லை. 2016 ஆம் ஆண்டில் ஒரு கடன் நிறுவனத்திடம் 50,000 ரூபா எடுத்தார். விண்ணப்பத்திற் சுயதொழில் விருத்திக்கு என்று எழுதினார்களாம். மாமி கூரைக்கு என்றுதான் சொன்னார். எழுதியவர் இடியப்பத்துக்கு என்று எழுதிக்கொண்டார். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. ஒப்பமிட வேண்டிய இடங்களிற் பென்சிலால் அடையாளம் போட்டிருந்தார்கள்.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 24 என்று சொல்லப்பட்டது. 50,000 ரூபாவுக்கு ஓராண்டு வட்டி 12,000. ஆக 62,000 ரூபாவை 52 கிழமைகளிற் கட்டவேண்டும். கிழமைக்கு 1,192 ரூபா. இது நியாயமான கணக்கென்றே தோன்றும். ஆனால் கவனியுங்கள்: முதற் கிழமையிலிருந்தே முதலும் சேர்ந்து திரும்பிக்கொண்டிருக்கிறது. ஆறு மாதம் சென்றபின் அவர் கையில் இருப்பது ஏறத்தாழப் பாதிக் கடனே. கடைசிக் கிழமையில் ஆயிரத்துச் சொச்சமே பாக்கி. வட்டியோ கடைசிக் கிழமை வரை முழு 50,000 ரூபாவுக்கும் அறவிடப்படுகிறது. கையிலுள்ள கடனுக்கு மட்டும் வட்டி கணக்கிட்டால் 24 என்ற வீதம் 44 ஆகிவிடும். இனி, கடன் கொடுக்கும் அன்றே பத்திரச் செலவு, காப்புறுதி, அது இது என்று 3,000 ரூபாவைக் கழித்துக்கொண்டு 47,000 ரூபாவையே கையிற் கொடுத்தார்கள். அதையும் சேர்த்துப் பார்த்தால் வீதம் 57. தவணை பிந்தினால் வரும் தண்டம் இதிற் சேராது. இடியப்பம் அவித்துப் பிழைக்கும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு விளங்கவில்லை என்பதில் வியப்பில்லை. நானும் ஒரு மாலை முழுவதும் தாளும் பென்சிலுமாக இருந்துதான் இதைக் கண்டுபிடித்தேன்.

ஆயினும், வட்டி மட்டுமே இதிலுள்ள கொடுமை என்று நான் எண்ணவில்லை. ஊரிற் பழைய காலத்தில் விதைப்புக்கு நெல்லும் காசும் கடனாகக் கொடுத்த போடிமாரும் முதலாளிமாரும் தர்மவான்கள் அல்லர். வட்டியாக அவர்கள் அளந்துகொண்ட நெல்லைப் பற்றி எங்கள் முதியோரைக் கேட்டால் கதை கதையாய்ச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கடன் வெட்டு வரை காத்திருந்தது. மழை பொய்த்தால் கடன்காரனுக்கும் அது தெரியும், கடன் கொடுத்தவனுக்கும் தெரியும். இருவரும் ஒரே வட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். கிழமைக் கடனைக் கொடுத்தவரோ தூர நகரத்தில், குளிரூட்டிய அறையில் இருக்கிறார். ஆண்டுக்கு இருமுறை வருமானம் வரும் குடும்பத்திடம் 52 முறை பணம் கேட்பது எவ்வாறு பொருந்தும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாரா என்பது வேறு விடயம்.

2016 ஆம் ஆண்டின் இறுதியில் மழை பொய்த்தது. 2017 இலும் வரட்சி தொடர்ந்தது. விதைத்தவர்கள் பலர் வெட்டவில்லை. மாமி விறாந்தையில் இருந்துகொண்டு அந்த இளைஞனைப் பார்த்து, “தம்பி, ஒரு மாசம் பொறுங்க, எப்படியும் தாரன்” என்றார். அவன் சொன்ன மறுமொழி எங்கள் தெருவில் இன்றும் சொல்லப்படுகிறது: “நான் பொறுப்பன் மாமி, கம்பனி பொறுக்காது.”

அந்த இளைஞனை நான் குறை கூறவில்லை. அவனும் ஏழை வீட்டுப் பிள்ளையே. மாலையில் அலுவலகத்துக்குப் போகும்போது வசூல் குறைந்தால் அவனுடைய சம்பளத்திற் கைவைப்பார்கள் என்று பின்னர் அறிந்தேன். பொறுக்க மனமுள்ளவனிடம் பொறுக்கும் அதிகாரம் இல்லை; அதிகாரம் உள்ளவரிடம் போய்க் கேட்பதற்கு மாமிக்கு வழி தெரியாது. அன்றும் அதற்கடுத்த கிழமையும் மாமியின் தவணையை அயல் வீட்டுப் பெண் ஒருத்தி கட்டினாள். கட்டிவிட்டு மாமியோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். மூன்றாம் கிழமைக்கு மாமி வேறொரு நிறுவனத்தில் இன்னொரு கடன் எடுத்தார். அந்தக் கடனைக் கட்ட மூன்றாவது. பின்னர் காதிலும் கழுத்திலும் இருந்தவை ஈட்டுக்குப் போயின.

இவ்வாறான கதைகள் எங்கள் கரைக்கு மட்டும் உரியன அல்ல. 2018 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் சுதந்திர நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்தபோது, சில நுண்கடன்களின் வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 220 வரை சென்றதாகக் குறிப்பிட்டார். பணம் வசூலிக்க வந்தவர்கள் பெண்களிடம் தகாத முறையில் நடந்ததையும், கடனைக் கட்டச் சிறுநீரகத்தை விற்கவும் சிலர் முன்வந்ததையும் அவர் எடுத்துரைத்தார். போரினாலும், 2004 டிசெம்பர் 26 ஆம் திகதியின் ஆழிப்பேரலையாலும் அடிபட்ட பிரதேசங்களிலேயே இந்தக் கடன்கள் அதிகம் பரவின. வீடிழந்தவர்களுக்கும் தொழிலிழந்தவர்களுக்கும் கடன் தேவைப்பட்டது. வங்கியோ சொத்துறுதியும் அரசாங்க உத்தியோகத்தரின் பிணையும் கேட்டது. வங்கி மூடிய கதவின் முன்னே இந்த நிறுவனங்கள் வந்து நின்றன.

இம்முறை தொடங்கியது நல்ல நோக்கத்துடனே என்பதையும் சொல்லவேண்டும். வங்காள தேசத்திற் சிட்டகொங்குக்கு அருகே ஜோப்ரா என்னும் கிராமத்தில், 1976 ஆம் ஆண்டிற் பேராசிரியர் முஹம்மது யூனுஸ் 42 பேருக்குத் தம் கையிலிருந்து கொடுத்த மொத்தக் கடன் 27 டொலர். பிணை வைக்கச் சொத்தில்லாத ஏழை கடனைத் திருப்பிக் கட்டுவான் என்று அவர் நம்பினார். ஏழைகளும் அந்த நம்பிக்கையைக் காத்தனர். ஏழை ஒழுங்காகக் கட்டுவான் என்பது தெரிந்ததும், அதை இலாபக் கணக்கிற் சேர்த்துக்கொண்டவர்கள் பின்னர் வந்தனர். இந்தியாவில் ஆந்திரப் பிரதேசத்திற் கடன்பட்டோர் தற்கொலைகள் நிகழ்ந்தபின், 2010 ஒக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. வசூல் வீட்டு வாசலில் நடத்தலாகாது, பொது இடத்தில் நடத்தவேண்டும், வட்டி முதலை மிஞ்சலாகாது என்பன அச்சட்டத்தின் கூறுகள்.

வட்டி முதலை மிஞ்சலாகாது என்பது நமக்குப் புதிதன்று. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டத்திலேயே அந்த விதி உண்டு. 1918 ஆம் ஆண்டின் கடன் கொடுத்தற் கட்டளைச் சட்டம், கொடூரமான கடன் கொடுக்கல்வாங்கலை மறுபடி திறந்து பார்க்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு அளித்தது. கடன் பத்திரத்தில் முதல் எவ்வளவு, முன்கூட்டியே கழித்த வட்டி எவ்வளவு, வட்டி வீதம் எவ்வளவு என்று எழுதவேண்டும் என்றும் அது விதித்தது. நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் நாட்டவர் இந்தத் தந்திரங்களை அறிந்திருந்தனர் என்பது தெளிவு. ஆனால் நீதிமன்றப் படி ஏறுகிறவருக்கே அந்தச் சட்டம் உதவும். வழக்குக்குப் போக ஒரு நாட் கூலி போகும். அந்தக் கிழமைத் தவணையும் தவறும்.

2016 ஆம் ஆண்டில் நுண்நிதிச் சட்டம் ஒன்று நிறைவேறியது. பெயரைக் கேட்டுப் பலர் மகிழ்ந்தனர். மக்களிடம் வைப்புப் பணம் பெறும் நுண்நிதி நிறுவனங்கள் மத்திய வங்கியின் அனுமதி பெறவேண்டும் என்பது அதன் சாரம். வைப்புப் பெறாமற் கடன் மட்டுமே கொடுக்கும் நிறுவனங்கள் அதற்குப் புறம்பாயின. அதாவது, நிறுவனத்திடம் பணம் வைத்திருப்பவருக்குக் காவல் கிடைத்தது. நிறுவனத்திடம் பணம் வாங்கியவருக்குக் கிடைக்கவில்லை. 2018 ஆம் ஆண்டில் வரட்சி மாவட்டங்கள் 12 இல், ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடனைக் கட்ட முடியாமலிருந்த ஏறத்தாழ 45,000 பெண்களின் கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது. மத்திய வங்கியின் கண்காணிப்பிலுள்ள நிறுவனங்களுக்கு 35 வீதம் என்ற வட்டி உச்சவரம்பும் வந்தது. இவை நன்மையே. ஆனால் கண்காணிப்புக்கு வெளியே நின்றவர்கள் வெளியேயே நின்றனர்.

2021 ஆம் ஆண்டு மார்ச் 8 ஆம் திகதி, மகளிர் தினத்தன்று, பொலனறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் நுண்கடனாற் பாதிக்கப்பட்ட பெண்கள் தெருவோரத்திற் பந்தலிட்டுச் சத்தியாக்கிரகம் இருந்தனர். 55 நாட்கள் அது நீடித்தது. கடனை இரத்துச் செய்யுங்கள் என்பது அவர்களின் கோரிக்கை. அவர்கள் பெரும்பாலும் சிங்களப் பெண்கள். அவர்கள் சொன்ன கதைகளைச் செய்திகளிற் படித்தபோது, எங்கள் தெருவின் விறாந்தைகளே என் கண்முன் வந்தன. மொழி வேறு, மதம் வேறு. கொப்பியும் தவணையும் ஒன்றே.

அதற்கடுத்த ஆண்டு நிகழ்ந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2022 ஏப்ரில் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் தற்போதைக்குக் கட்ட இயலாது என்று இலங்கை அரசாங்கம் அறிவித்தது. உலகம் இடிந்து விழவில்லை. பேச்சுவார்த்தை நடந்தது. அவகாசம் கிடைத்தது. 2024 டிசெம்பரிற் பிணைமுறிக்காரரோடு புதிய உடன்பாடு நிறைவேறியபோது முதலில் ஒரு பகுதியே குறைக்கப்பட்டது. அதே ஆண்டில், வங்கிக் கடனைக் கட்ட முடியாத வர்த்தகர்களின் வேண்டுகோளின் பேரில், வழக்கின்றிச் சொத்தை ஏலம் விட வங்கிகளுக்கு இடங்கொடுக்கும் பராட்டே நடவடிக்கை சில காலம் இடைநிறுத்தப்பட்டது. இவையெல்லாம் தவறென்று நான் சொல்லவரவில்லை. நாடு மூச்சுவிட வேண்டும். தொழிற்சாலை மூடப்பட்டால் அதில் வேலை செய்பவனும் தெருவுக்கு வருவான். நான் கேட்பது ஒன்றே. கோடிக்கணக்கிற் கடன்பட்டவர், “வருமானம் குறைந்துவிட்டது, பொறுங்கள்” என்று சொன்னால் அது மறுசீரமைப்பு என்று பெயர் பெறுகிறது. ஐம்பதினாயிரம் ரூபாக் கடன்பட்டவள் அதே சொல்லைச் சொன்னால் அது ஏன் ஏமாற்று என்று பெயர் பெறுகிறது?

எங்கள் ஊர் முஸ்லிம்களின் ஊர். வட்டி வாங்குவதும் கொடுப்பதும் விலக்கப்பட்டவை என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைப் பிரசங்கங்களில் உலமாக்கள் வட்டியின் பாவத்தை எடுத்துரைத்தனர். கேட்டுக்கொண்டிருந்த ஆண்களுட் பலருக்குத் தம் வீட்டுப் பெண்ணின் கொப்பி எங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியாது. பிரசங்கம் கேட்டபின் சில பெண்களுக்குப் பாவப் பயமும் கடன் பயத்தோடு சேர்ந்துகொண்டது, அவ்வளவே. வட்டியை விலக்கிய அதே மார்க்கம், கடன்பட்டவன் நெருக்கடியில் இருந்தால் அவனுக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படியும் கட்டளையிடுகிறது. ஸகாத் பெற உரியோர் எட்டு வகையினருள் கடனில் மூழ்கியவர்களையும் ஒரு வகையாக வைக்கிறது. வட்டியற்ற அழகிய கடனைப் புகழ்கிறது. கடன் வாங்கியவளுக்குச் செய்யும் உபதேசத்திற் பாதியளவேனும், கடன் கொடுக்கக்கூடிய வசதியுள்ளோரை நோக்கிச் செய்யப்பட்டிருந்தால், பத்து மணி மோட்டார் சைக்கிள்கள் சில குறைந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. இதை ஊரிலுள்ள பெரியோர் சிலரிடம் சொல்லியுமிருக்கிறேன், அவர்கள் மறுக்கவில்லை.

நிறுவனங்களிடம் கேட்கவேண்டியவை பெரிய காரியங்களும் அல்ல. வட்டி வீதத்தை, கழிவுகளையெல்லாம் சேர்த்த உண்மையான வீதமாக, கடன் பெறுபவருக்கு விளங்கும் மொழியில் எழுதுங்கள். விவசாயக் குடும்பத்துக்குத் தவணையை வெட்டுக் காலத்தில் வையுங்கள். வெள்ளமோ வரட்சியோ வந்தால், கேட்காமலே அவகாசம் கிடைக்கும் ஒரு விதியைப் பத்திரத்திலேயே சேருங்கள். வீட்டு விறாந்தையில் உட்கார்ந்திருந்து வசூலிக்காதீர்கள். ஒரு பெண்ணின் மானத்தை மற்றப் பெண்களிடம் பிணையாக வைக்காதீர்கள். ஒப்பமிடப் போகும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை: வட்டி எத்தனை வீதம் என்று கேட்பதோடு நில்லாமல், கையில் எவ்வளவு தருவீர்கள், மொத்தமாக எவ்வளவு வாங்குவீர்கள், ஒரு போகம் தவறினால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மறுமொழி வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாமியின் கதையை முடிக்கவில்லை. மூன்று கடன்களையும் அவர் கட்டி முடித்தார். வெளிநாட்டில் வேலை செய்த தம்பி ஒருவர் அனுப்பிய பணம் உதவிற்று. நகைகளில் ஒரு சோடிக் காப்பு மாத்திரம் மீளவில்லை. மகளின் வீட்டுக்குக் கூரை இருக்கிறது.

குழுக்கடன் வந்தபின் எங்கள் தெருவிற் பெண்கள் பிடித்துவந்த சீட்டு நின்றுபோயிருந்தது. ஒருவரையொருவர் நம்ப யாரும் துணியவில்லை. சில ஆண்டுகளின் பின் அதை மீண்டும் தொடங்கினார்கள். இடியப்பம் அவிப்போர், பாய் இழைப்போர், தையற்காரிகள் எனப் பன்னிரண்டு பேர். மாதத்துக்கொருமுறை காசு, பெரும்போக வெட்டு முடியும்வரை கட்ட முடியாதவர் வெட்டு முடிந்ததும் சேர்த்துக் கட்டலாம். யாருக்கு அவசரமோ அவருக்கு முதற் சீட்டை விட்டுக்கொடுப்பார்கள். இரண்டாவது சீட்டு மாமிக்கு விழுந்தது. பணத்தை வாங்கிய கையோடு அவர் அயல் வீட்டுக்குப் போய், அந்தப் பெண் தமக்காகக் கட்டிய இரண்டு தவணைகளையும் கொடுத்தாராம். 2,384 ரூபா. அந்த நாலு ரூபாவையும் சில்லறையாக எண்ணி வைத்தாராம். அந்தப் பெண் காசை எண்ணாமல் வாங்கி வைத்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போகும்படி மாமியை உட்காரச் சொன்னாளாம்.